முதியோர் மதிய உணவுக்கு நிதி திரட்டுதல்: வின்சென்ட் சபைச் செயலர் ஒருவருக்கு விடை

பாளையங்கோட்டை மறைமாவட்டத்தின் கிராமப் பங்கொன்றில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் சமூகத்தில்), ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைச்சபைச் செயலராக இருக்கும் நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: தனித்து வாழும் 40 முதியோருக்கு ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் மதிய உணவு கொடுத்து வருகிறீர்கள், துறவற சபை ஒன்றின் வழியாக வந்துகொண்டிருந்த வெளிநாட்டு உதவி நின்றுவிட்டது, பங்கில் உள்ள 420 குடும்பங்களும் பெரும்பாலும் பீடி சுற்றியும் வயல்வேலை செய்தும் பிழைப்பவை, அவர்களிடம் கேட்க மனம் கூசுகிறது, வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தைப் பிடித்தால் தேவலை என்று தோன்றுகிறது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பங்கின் நிதிக்குழுவிலும் வின்சென்ட் சபையிலும் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அந்த உதவி ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தத் துறவற சபையாருக்கு உங்கள்மீது வருத்தம் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது. 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அதற்கு முன்பு, பதிவு பெற்ற பெரிய அமைப்பு பணத்தை வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க இடமிருந்தது. உங்களைப் போன்ற எத்தனையோ கிளைகள் அந்த வாய்க்காலின் கடைமடையில்தான் இருந்தன. மடை அடைக்கப்பட்டதால் கடைமடை காய்ந்தது. நீங்களே நேரடியாகப் பதிவு பெறலாமே என்றால், அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்கான பணிகளில் 15 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் செலவிட்டிருக்க வேண்டும். பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு கிளைச்சபை தனியாகச் சுமக்கக் கூடிய பாரம் அன்று இது. தவிர, ஜெர்மானிய ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசெரியோர் போன்ற அமைப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குள் முடியும் திட்டங்களுக்கு உதவுவனவே அன்றி, ஒரு கிராமத்தின் அன்றாடச் சோற்றுச் செலவை ஆண்டுக்கணக்கில் ஏற்பதற்காக ஏற்பட்டவை அல்ல. ஆயரின் பரிந்துரைக் கடிதமும் மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்தின் துணையும் இல்லாமல் அவற்றை அணுகுவதும் வீண்.

ஆகவே பணம் உள்ளூரிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்து, இதுவரை கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்று ஊகிக்கிறேன். ஒருவருக்கு ஒரு வேளை உணவுக்கு 35 ரூபாய் என்று வைத்தால் 40 பேருக்கு நாளொன்றுக்கு 1,400 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 36,400, ஆண்டுக்கு 4,36,800. சமையல் செய்யும் அம்மாவுக்கு மாதம் 6,000 கொடுப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 72,000. ஆக மொத்தம் 5,08,800 ரூபாய். 312 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,630. உங்கள் ஊர் விலைக்கேற்ப இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஏழை முதியோருக்கு உதவுங்கள்’ என்று கேட்பவருக்குச் சில்லறை கிடைக்கும். ‘ஒரு நாள் சாப்பாடு 1,600 ரூபாய்’ என்று சொல்பவருக்கு அந்த ஒரு நாள் கிடைக்கும்.

பீடி சுற்றும் பெண்களிடம் கேட்கக் கூசுகிறது என்கிறீர்கள். அந்தக் கூச்சத்தில் இரக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் ‘இவர்களால் என்ன கொடுத்துவிட முடியும்’ என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவர்களும், வேளாங்கண்ணிக்கும் உவரிக்கும் நேர்ச்சை முடிந்து வைப்பவர்களும், அசனத்துக்கு (கோயில் பொது விருந்துக்கு) அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டுபவர்களும் இவர்களேதாம். திருநெல்வேலிச் சீமையில் கொடுக்கும் பழக்கத்துக்கு ஒருநாளும் குறைவு இருந்ததில்லை. குறைவெல்லாம் கேட்கும் முறையிலும், கேட்டுப் பெற்றதற்குக் கணக்குச் சொல்லும் முறையிலுந்தான்.

கேட்கும் முறையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம், கேட்கும் தவணை கூலி வரும் தவணையோடு பொருந்தியிருக்க வேண்டும் என்பது. வாரக் கூலி வாங்கும் குடும்பத்திடம் மாதம் 100 ரூபாய் கேட்டால் அது பெரிய தொகை; வாரம் 25 ரூபாய் கேட்டால் கடைக்குப் போகும் வழியில் கொடுத்துவிடுவார்கள். நெல் விளைவிப்பவர்களை வாரந்தோறும் தேடிப் போவதில் பயனில்லை. பிசான அறுவடை முடியும் மாசி, பங்குனியில் போக வேண்டும். அந்தக் காலம் பெரும்பாலும் நோன்பும் தருமமும் செய்யும் தவக்காலத்தோடு சேர்ந்து வருவது நமக்குக் கிடைத்த கொடை. சம்பளக்காரர்களிடம் மாதத்தின் முதல் வாரம். யாரிடமும் ஜூன் மாதத்தில் போகாதீர்கள். பள்ளிக் கட்டணம் கட்டிக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் வீட்டில் நன்கொடை கேட்பது முறையன்று.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். திருப்பலி முடிவில் பங்குத்தந்தை அறிவிப்பதால் மட்டும் பணம் வராது. அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவானது, பொதுவானதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. உங்கள் பங்கில் 14 அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுக்கள்) இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்பியத்துக்கு இருவர் என்று 28 பேரைத் தேர்ந்து, அவரவர் தெருவில் முப்பது வீடுகளுக்குமேல் போகாதபடி பிரித்துவிடுங்கள். அந்த இருவரும் முதலில் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஓசானாமும் அவருடைய தோழர்களும் 1833இல் பாரிசில் இந்தச் சபையைத் தொடங்கிய காலத்திலிருந்தே, கூட்டத்தின் முடிவில் உறுப்பினர்களுக்குள்ளேயே இரகசியக் காணிக்கை எடுக்கும் வழக்கம் உண்டு. யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாத அந்தப் பையை ஒரு சடங்காகச் சுருக்கிவிடாதீர்கள்.

பணத்தைவிட எளிதாகக் கிடைப்பது அரிசி. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் கத்தோலிக்க வீடுகளிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளிலும் இருந்ததுதான். ஆளுக்கு 150 கிராம் என்றால் 40 பேருக்கு நாளொன்றுக்கு 6 கிலோ, மாதத்துக்கு 156 கிலோ. 420 குடும்பங்களில் 200 குடும்பங்கள் மாதம் ஒரு கிலோ கொடுத்தாலே அரிசிச் செலவு முழுவதும் நீங்கிவிடும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 93,600 ரூபாய் மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒவ்வொரு ரகம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சில அரிசி குழையும், சில விதையாக நிற்கும். முதியவர்கள் பல்லில்லாமல் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். புழுங்கல், பச்சை என்றாவது பிரித்து வாங்க இரண்டு பானைகள் வையுங்கள். நியாயவிலைக் கடை அரிசியைக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். அது அவர்கள் உண்ணும் அரிசி.

அடுத்தது ‘ஒரு நாள் உணவு’. பிறந்தநாள், திருமண நாள், புதுமனை புகுதல் என்று மக்கள் கொடுக்க விரும்பும் நாட்கள் பல உண்டென்றாலும், நம் ஊரில் இறந்தோரின் நினைவு நாளுக்கு நிகரானது இல்லை. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருபவர்கள் உண்டு. அதே மாத நடுவில் உலக ஏழையர் நாளும் வருகிறது. திருத்தந்தை பிரான்சிசு 2016இல் அறிவித்து 2017 முதல் கொண்டாடப்படுவது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒரு பெரிய நாட்காட்டியைக் கோயில் வாசலில் வைத்து, அடுத்த ஆண்டுக்கான 312 நாட்களையும் கட்டமிட்டுக் காட்டி, தம் தாய் தந்தையின் நினைவு நாளை எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். நூறு நாட்கள் நிரம்பினால் 1,60,000 ரூபாய்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவு நாளுக்குப் பணம் தருபவர் பூசைக் கருத்தும், அதாவது இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், சேர்த்துக் கேட்பார். அதைத் தனியாகப் பங்குத்தந்தையிடம் அனுப்பிவிடுங்கள். ஒரே இரசீதில் இரண்டையும் எழுதாதீர்கள். திருப்பலிக் காணிக்கையில் வாணிபத்தின் சாயல்கூடப் படக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 947ஆம் விதி சொல்கிறது. ‘இவ்வளவு கொடுத்தால் ஒரு நாள் சோறும் ஒரு பூசையும்’ என்று விலைப்பட்டியல் போட்டால் அந்தச் சாயல் அழுத்தமாகவே படும்.

புனித அந்தோனியார் பக்தி உங்கள் பங்கில் வலுவாக இருக்குமானால், செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வருபவர்களை மறந்துவிடாதீர்கள். அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது பிரான்சின் தூலோன் நகரிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகெங்கும் பரவிய பக்தி முயற்சி. கெபியின் (சுரூபம் வைத்த சிறு குகையின்) அருகில் ‘முதியோர் உணவுக்கு’ என்று எழுதிய தனி உண்டியல் ஒன்று போதும். செவ்வாயன்று வருபவர்களில் இந்துக்களும் பலர். அவர்கள் போடும் காசு நம்மவர் போடுவதற்குக் குறைந்ததாக நான் கண்டதில்லை.

ஏலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஒரு முறை, முதியோர் நிதிக்கென்று திருவிழாவில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டோம். இரு குடும்பத்தாருக்குள் போட்டி மூண்டு, ஒரு தேங்காய்க் குலை 12,000 ரூபாய் வரை ஏறியது; ஊரே கைதட்டியது. வாயால் கேட்ட அந்தத் தொகை மறுவருடத் திருவிழா வரை கைக்கு வரவில்லை. வசூலிக்கப் போன நான்தான் அந்த வீட்டுக்குப் பகையாளி ஆனேன். ஏலம் வையுங்கள், ஆனால் பணத்தைக் கையில் வாங்கியபின் பொருளைக் கொடுங்கள். கௌரவப் போட்டியில் வரும் தொகையை உங்கள் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

உங்கள் பங்கைத் தாண்டி வெளியே கேட்கப் போவதானால் அனுமதி வேண்டும். சொந்த ஆயர், போகும் இடத்து ஆயர் ஆகிய இருவரின் எழுத்து மூலமான அனுமதியின்றித் தனியார் எவரும் அறச்செயலுக்கெனக் கூடப் பணம் திரட்டக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1265ஆம் விதி. திருநெல்வேலி மாவட்டத்தில் இது மிகவும் கவனிக்க வேண்டியது; ஏனெனில் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மறைமாவட்டங்கள் இருக்கின்றன. 1973இல் உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டம் ஒன்று. 1923இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டம் மற்றொன்று. உவரியும் இடிந்தகரையும் வடக்கன்குளமும் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களே ஆனாலும் தூத்துக்குடி ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டவை. பேருந்தில் ஒரு மணி நேரப் பயணந்தானே என்று நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உவரித் திருவிழாவுக்குப் போய்விடாதீர்கள். முறையான அனுமதி பெற்றுக் கடற்கரை ஊர்களுக்குப் போவதாக இருந்தாலும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வெளிநாட்டுப் பணம் என்றாலே அனுமதி வேண்டும் என்று பயந்திருப்பீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர், துபாயிலோ குவைத்திலோ இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து, வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் பணம், முன்பு சொன்ன வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரது கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமையோ கனடாக் குடியுரிமையோ பெற்றுவிட்டால், உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். ‘என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொன்னாலும் கூடாது. உறவினருக்கு அனுப்புவதற்கான சலுகை உறவினரின் தேவைக்கே உரியது, உங்கள் சமையற்கூடத்துக்கு உரியதன்று. 15 பிள்ளைகள் மாதம் 500 ரூபாய் அனுப்பினால் ஆண்டுக்கு 90,000.

இப்போது கூட்டிப் பாருங்கள். 150 குடும்பங்கள் வாரந்தோறும் கொடுக்கும் 25 ரூபாயை மாதம் 100 என்றே குறைத்து மதிப்பிட்டால் ஆண்டுக்கு 1,80,000, அரிசி 93,600, நினைவு நாட்கள் 1,60,000, வெளிநாட்டுப் பிள்ளைகள் 90,000. மொத்தம் 5,23,600. தேவை 5,08,800. உண்டியலையும் ஏலத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதலாண்டில் இதில் பாதிதான் கிட்டும். அப்போது மனம் தளராமல் 40 பேரில் யாருக்கு மிகவும் தேவை என்று பார்த்து, மீதிப் பேருக்குச் சில நாட்கள் மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். கடன் வாங்கி நடத்தாதீர்கள்.

வருமான வரிச் சலுகையைப் பெரிதாக எண்ண வேண்டாம். பழைய வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிச் சலுகை தந்த 80ஜி பிரிவின் சலுகை குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் பணிக்குக் கிடையாது; 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கும் கிடையாது; புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கும் அதனால் பயனில்லை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறிவிட்டன. பெரிய தொகை கொடுப்பவர் யாரேனும் கேட்டால், மறைமாவட்டச் சங்கத்துக்கு அந்தச் சலுகைக்கான பதிவு இருக்கிறதா என்று அதன் தணிக்கையாளரிடம் விசாரித்து, அதன் வழியாக வாங்குங்கள். உங்கள் 40 பேரில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்களா என்பது அங்கே முதல் கேள்வியாக வரும். வரிக்காக இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானபோது, கேட்காமலே பணமும் பொருளும் வந்து குவிந்தன. நான் அறிந்த ஓரிடத்தில் நிவாரணம் போக மிஞ்சிய பணத்தைக் கோயில் முகப்பு வளைவுக்குச் செலவிட்டார்கள். ஒருவரும் ஒரு காசும் தம் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வளைவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை அதே ஆட்கள் நன்கொடைப் புத்தகத்தோடு போனபோது, ‘இது எந்த வளைவுக்கு?’ என்று கேட்டார்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1267ஆம் விதி கட்டளையிடுவது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. முதியோர் உணவுக்கு வந்த பணத்தைத் திருவிழாக் கொட்டகைக்குக் ‘கைமாற்றாக’க்கூடக் கொடுக்காதீர்கள், கேட்பவர் பங்குப் பேரவைத் தலைவராகவே இருந்தாலும்.

பொருளாளரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். பங்குத்தந்தையின் ஒப்புதலோடு, இருவர் கையொப்பமிட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில், சபையின் பெயரில் கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்கின் கியூஆர் அட்டையை மட்டும் ஒட்டுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று கோயில் கதவருகே ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும்: வந்த பணம், வந்த அரிசி, சமைத்த நாட்கள், சாப்பிட்டோர் எண்ணிக்கை, செலவு, கையிருப்பு. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு விசுவாசிகளிடமே கணக்குச் சொல்லும்படி 1287ஆம் விதியும் கேட்கிறது. பவுல் அடிகளார் எருசலேம் ஏழைகளுக்கென்று திரட்டிய பணத்தைத் தாம் மட்டும் தனியே கையாளவில்லை. யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி தம் உடன் உழைப்பாளர் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 8ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். திருத்தூதருக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு நமக்கும் தேவைப்படுகிறது. அந்தத் தாளில் தொகைகளை ஆள்வாரியாக எழுதாதீர்கள். 25 ரூபாய் கொடுத்த கைம்பெண்ணின் பெயர் 5,000 கொடுத்தவரின் பெயருக்குக் கீழே தொங்க வேண்டாம். அவரவருக்கு இரசீது போதும்.

கடைசியாக, நன்கொடையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அனுப்பலாம், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், அரிசி மூட்டை, எழுதி ஒட்டிய கணக்குத் தாள் ஆகியவற்றின் படங்களை அனுப்புங்கள். சோற்றுத் தட்டை ஏந்திய முதியவரின் முகத்தைப் படமெடுக்க வேண்டாம். அவருக்கும் பம்பாயில் ஒரு மகன் இருக்கக்கூடும். அதே குழுவில் அவனும் இருக்கக்கூடும்.